ஃபிரிட்ஜுக்குள் ஒளித்து வைத்த ஊசி

சென்ற இதழில் அடலிமுமாப் என்ற ஊசியைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். முடக்குவாதம், முதுகெலும்பை இறுக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ், சொரியாசிஸ், குடலைப் புண்ணாக்கும் குரோன்ஸ் நோய் என்று, எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய்களுக்கான ஊசி அது. மூட்டு நோய்க்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கு அடியில் தாங்களே போட்டுக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊசியின் வலியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் பலருடைய கவலை. ஆள் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

“திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். முடக்குவாதத்துக்கு மாத்திரை மட்டும் போதவில்லை என்று இந்த ஊசியை ஆரம்பித்தார்கள். போன தை மாதம் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். மாமியார் கண்ணில் படாமல் இருக்க ஃபிரீசரில் ஐஸ் ட்ரேக்குப் பின்னால் வைத்தேன், உறைந்துவிட்டது. வெளியே எடுத்து வைத்ததும் தெளிவாகத்தான் தெரிகிறது. போட்டுக்கொள்ளலாமா?”
- வாசகி, அவிநாசி

போடக் கூடாது கண்ணு. விலையை நினைத்தால் வயிறு எரியும், எனக்கும் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். இந்த மருந்து ஒரு புரதம். உறைந்தால் அதன் வடிவம் கலைந்துபோகும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் சரிதான், வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது. மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி வேறு ஊசி வாங்கிக்கொள். தேதி தாண்டிவிட்டதே என்று இரண்டைச் சேர்த்துப் போட்டுவிடாதே. கிடைத்த உடனே ஒன்று. அடுத்தது பழைய கணக்குப்படி வரவேண்டிய நாளில்.

வைக்கவேண்டிய இடம் ஃபிரிட்ஜின் நடுத் தட்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். பின்சுவரை ஒட்டி வைத்தால் சில ஃபிரிட்ஜில் அங்கேயும் உறையும். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். வெளிச்சம் படக் கூடாது என்பதால் அட்டைப் பெட்டியோடுதான் வைக்கவேண்டும். போடுவதற்குக் கால் மணி, அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும், குத்தும்போது அவ்வளவாகக் கடுக்காது. வெந்நீரில் போட்டுச் சூடாக்குவது, குலுக்குவது எல்லாம் வேண்டாம். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட்டுப் போடு. போன தடவை போட்ட இடத்திலேயே மறுபடியும் போடாதே.

அப்புறம், மாமியார் விஷயம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியைக் குறைத்துத்தான் உன் விரல் மூட்டுகளைக் காப்பாற்றுகிறது. அதனால் உனக்கு வருகிற காய்ச்சல் மற்றவர்களுக்கு வருகிற காய்ச்சல் மாதிரி இல்லை. 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவேண்டும், அவர் சொல்லும்வரை அடுத்த ஊசியை நிறுத்திவைக்கவேண்டும். வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருக்கப்போவது யார்? விஷயம் தெரியாத மாமியார் நல்ல மனசோடு சுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, “ரெண்டு நாள் பார்க்கலாம் சாமி” என்பார். அந்த இரண்டு நாள்தான் உன்னிடம் இல்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இப்படித் தொடங்கு: “அத்தைங்க, எனக்கு இருக்கறது ஒட்டுவாரொட்டி இல்லைங்க. மூட்டு வீங்கற வியாதி, மருந்துல அடங்கி இருக்குது. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே கூட்டிட்டுப் போகோணும்.” நோயை மறைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நாலு வார்த்தை வரலாம். வரட்டும். என் கிளினிக்கில் பார்த்தவரை, விஷயம் தெரிந்தபிறகு மருமகளின் ஊசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்த மாமியார்களும் உண்டு. எல்லா மாமியாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். அப்படி இல்லாவிட்டால் நாத்தனாரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்லிவை. யாராவது ஒரு பெரிய மனுஷிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“ஏனுங்க டாக்டரம்மா, பையனுக்கு இடுப்புதானுங்க வலி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் குனிய முடியாது. ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டு நெஞ்சு எக்ஸ்ரே, கையில் டி.பி. டெஸ்ட் என்று எடுத்தார்கள். இப்போது ‘உள்ளே டி.பி. தூங்குகிறது, முதலில் அதற்கு மாத்திரை’ என்கிறார்கள். அவனுக்கு இருமலே கிடையாதுங்க. டி.பி. என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?”
- வாசகர், பெருந்துறை

சானடோரியம் என்று பஸ் ஸ்டாப்பே இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது! ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே காற்றோட்டமாக வைத்துப் பார்த்த இடம் அது. அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

உங்கள் பையனுக்குக் காசநோய் இல்லை. கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கிறது, உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் இப்படி இருப்பவர்கள் ஏராளம். நீங்களும் நானும்கூட அதில் இருக்கலாம். அவனிடமிருந்து யாருக்கும் பரவாது.

பிறகு ஏன் மாத்திரை? டி.என்.எஃப். என்று உடம்பில் ஒரு பொருள் சுரக்கிறது. உங்கள் பையனின் முதுகில் அழற்சியைக் கிளப்பிவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு. அடலிமுமாப் அதைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது, வலியும் இறுக்கமும் குறைகிறது. ஆனால் காசநோய்க் கிருமியைச் சுற்றி எழுந்த அந்த வளையம் உடையாமல் நிற்பதற்கும் அதே டி.என்.எஃப். வேண்டும். அதைக் கட்டிப்போட்டால் வளையம் தளரும், தூங்கிய கிருமி எழுந்துகொள்ளும். இது ஏட்டுப் பயம் இல்லை. லண்டனில் ரவீந்தர் மைனி (லூதியானாவில் பிறந்தவர்), மார்க் ஃபெல்ட்மன் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று காட்டினார்கள். அந்த வகையில் முதலில் வந்த இன்ஃப்ளிக்சிமாப் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. பரிசோதனை இல்லாமல் ஊசி இல்லை என்ற வழக்கம் உறுதியானது அதற்குப் பிறகுதான். அடலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2002 டிசம்பர் கடைசியில். அதற்கும் அதே விதிதான்.

மாத்திரையைப் பாதியில் விடவேண்டாம். ஐசோனியாசிட் என்றால் வழக்கமாக ஆறு மாதம் தினமும். ரிஃபாபென்டின் சேர்த்துக் கொடுத்தால் வாரம் ஒரு முறையாக 12 வாரம். அதெல்லாம் முடியும்வரை வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒரு மாதம் போனதும் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் இந்தத் தடுப்பு மாத்திரை இலவசம். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. நண்பர்களோடு சாயங்காலப் பழக்கம் ஏதாவது இருந்தால் பையனிடம் நீங்களே பேசுங்கள், நான் எழுதினால் கோபித்துக்கொள்வான்.

பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதற்குப் பதில்: முதுகு வலியையும் ஊசியையும் சொல்லுங்கள், அது வாழ்க்கை முழுக்கக் கூட வரப்போவது. ஆறு மாத மாத்திரையோடு முடிந்துபோகிற காரியத்தை மண்டபத்தில் மைக் வைத்து அறிவிக்கவேண்டியதில்லை. ஆனால் இனிமேல் எந்த டாக்டரிடம் போனாலும் அதைச் சொல்லவேண்டும்.

“எங்கள் தோட்டத்தில் விளைந்த மஞ்சளைப் பாலில் போட்டுக் குடித்தால் இந்த ஊசி தேவைப்படாது என்று மொபைலில் வருகிறதே?”
- வாசகர், கோபி

உங்கள் மஞ்சளுக்கு ஈரோட்டுச் சந்தையில் நல்ல விலை கிடைக்கட்டும். குழம்பில் போடுங்கள், பாலிலும் போடுங்கள். அதில் இருக்கும் குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். அரித்துக்கொண்டிருக்கும் மூட்டை அது நிறுத்தாது. குர்குமின் கேப்சூல் என்று விற்பதை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. பால் எந்தப் பாலானாலும் பொங்கக் காய்ச்சியது. கறந்த சூட்டோடு பச்சையாகக் குடிக்கிற பழக்கம் ஊசி போடுபவர்களுக்கு ஆகாது.

“ஹுமிரா என்று எழுதிக் கொடுத்தார். கடையில் இந்தியக் கம்பெனிப் பெயரில் விலை குறைவாக ஒன்றைத் தருகிறார்கள். டூப்ளிகேட்டா?”
- வாசகி, கரூர்

இல்லை. அதற்கு பயோசிமிலர் என்று பெயர். ஹுமிரா என்பது முதலில் கொண்டுவந்த கம்பெனி வைத்த பெயர், மருந்தின் பெயர் அடலிமுமாப். இவை ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கும் மருந்துகள். அதனால் அச்சு அசல் நகல் என்று சொல்லமாட்டார்கள். பலனிலும் பாதுகாப்பிலும் வேறுபாடு இல்லை என்று சோதித்துக் காட்டியபிறகே அனுமதி கிடைக்கும். அடலிமுமாபுக்கு உலகத்திலேயே முதல் பயோசிமிலர் விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான், 2014 டிசம்பரில், ஸைடஸ் கம்பெனியிடமிருந்து. எதற்கு மாற்றினாலும் உங்கள் மருத்துவருக்குத் தெரிந்து மாற்றுங்கள். பேட்ச் எண் இருக்கிற அட்டையை எடுத்து வையுங்கள். பில் தரமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

“ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறேன். டாக்டர் சொல்லி ஊசியைத் தொடர்கிறேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொல்லவேண்டுமா?”
- வாசகி, பொள்ளாச்சி

கட்டாயம். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். கடைசி மூன்று மாதத்தில் இந்த மருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது, பிறந்தபிறகும் சில மாதம் அதன் ரத்தத்தில் இருக்கும். நம் ஊரில் குழந்தை பிறந்த உடனே கையில் பி.சி.ஜி. போட்டு, வாயில் போலியோ சொட்டு விடுவார்கள். ஆறாவது வாரத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு. மூன்றுமே உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. நர்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்வார், நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? தாய் கடைசியாக ஊசி போட்ட நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குக் குழந்தைக்கு இந்த வகைத் தடுப்பூசிகள் வேண்டாம் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. எதை எப்போது என்று குழந்தை மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவார். மஞ்சள் காமாலை பி, ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பென்டாவேலன்ட் மாதிரி உயிரில்லாத தடுப்பூசிகளுக்குத் தடையில்லை, அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசி ஊசித் தேதியை ஒரு தாளில் எழுதி, பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் பின் அடித்துவிடுங்கள். ஒரு பிரதி உங்கள் அம்மாவிடம் இருக்கட்டும்; வலி எடுத்தபிறகு உங்களால் பேச முடியாது, அவர் பேசுவார். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்று கேட்கவேண்டும்: முன்பு இதே நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிட்டவர் என்றால், மிச்சம் இருக்கும் அட்டையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கர்ப்பத்தில் அதை ஒரு மாத்திரைகூடத் தொடக் கூடாது.

“லாரி ஓட்டுகிறேன். சொரியாசிஸுக்கு ஊசி. லோடு ஏற்றி வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகிவிடும். வண்டியில் ஃபிரிட்ஜ் ஏது?”
- வாசகர், நாமக்கல்

பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 14 நாள் வரை வைத்திருக்கலாம் என்று கணக்கு இருக்கிறது, பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். ஆனால் சித்திரை வெயிலில் லாரி கேபினில் 25 டிகிரிக்கு எங்கே போவது? டேஷ்போர்டில் வைத்தால் ஒரே மதியத்தில் மருந்து போய்விடும்.

ஊசி நாளையும் ட்ரிப்பையும் சேர்த்து யோசியுங்கள். வீட்டில் ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் வழியில் ஒன்றுதான் வரும். அதைத் தடுப்பூசி கொண்டுபோகிற மாதிரி சின்ன ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஊசிப் பெட்டியைத் துண்டில் சுற்றி, ஐஸ் பேக் நேராக ஒட்டாமல் வையுங்கள். ஐஸ் பேக்கை தாபா ஃபிரீசரில் கொடுத்து உறையவைத்து வாங்கலாம், ஊசியைக் கொடுத்துவிடாதீர்கள். கிளீனரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் பாதி வேலை அவர் பார்த்துக்கொள்வார். போட்டு முடித்த ஊசிப் பேனாவை ரோட்டோரம் எறியவேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்து, ஊருக்கு வந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.