லாக்கப்பில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

கேள்வி: சினிமாவும் செய்திகளும் காவல்துறை பற்றிய நம் பார்வையை எவ்வளவு தீர்மானிக்கின்றன? நாம் யார் என்ற எண்ணத்தையும் அவை மாற்றுகின்றனவா?

போலீஸைப் பற்றிய எண்ணத்தைவிட நம்மைப் பற்றிய எண்ணத்தைத்தான் அவை அதிகம் மாற்றியிருக்கின்றன என்பேன். நம் போலீஸ் படங்களில் லாக்கப் காட்சி வந்தால் கேமரா பெரும்பாலும் அதிகாரியின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கும். நாமும் அங்கேயே நின்று பழகிவிட்டோம். அடி வாங்குகிறவன் வேறு யாரோ. வாடகை வீட்டில் இருக்கும், பஸ்ஸில் போகும், எந்தச் செல்வாக்கும் இல்லாத மனிதர்கூட திரையரங்கில் இரண்டரை மணி நேரம் டி.சி.யாக, அதாவது துணை கமிஷனராக, இருந்துவிட்டு வெளியே வருகிறார்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ படத்தில் சிவாஜியின் எஸ்.பி. சௌத்ரி, பெற்ற மகன் என்றும் பாராமல் சட்டத்தின் பக்கம் நிற்கிறார். சட்டம் அவர் வீட்டுக்குள்ளும் வருகிறது. 2003இல் ஒரே ஆண்டில் வந்த ‘சாமி’, ‘காக்க காக்க’ காலத்துக்கு வந்தால், நாயகனுக்குச் சட்டம் என்பது காலில் இடறும் கல். ஜாமீன் என்ற சொல்லையே இந்த வகைப் படங்கள் கெடுத்து வைத்திருக்கின்றன. வெள்ளைச் சட்டை வக்கீல் தாளை நீட்டுவார், வில்லன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான், நமக்கு ரத்தம் கொதிக்கும். தன் தம்பிக்கோ மகனுக்கோ ஜாமீன் தேடி நீதிமன்ற வாசலில் நிற்கும் நாள்வரை அந்தக் கொதிப்பு அடங்காது.

செய்திகளுக்கும் இதில் சம பங்கு உண்டு. கைது செய்யப்பட்ட இளைஞன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்ததுதான். தப்பி ஓடும்போது விழுந்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று கீழே ஒரு வரி இருக்கும். யாரும் அதை நம்புவதில்லை. ஆனால் யாரும் கோபப்படுவதும் இல்லை. கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக வரும். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அப்படி ஒரு படம் வந்தபோது, கோயில் உண்டியலில் சில்லறை குறைந்தால்கூடப் பதறுகிற என் பெரியப்பா, கைதட்டும் பொம்மையைப் போட்டார். குற்றம் நிரூபணமானதா என்று கேட்டேன். “உனக்கு எதுக்குப்பா அவன் மேல அக்கறை?” என்றார். அந்த ‘அவன்’தான் விஷயம்.

2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அதே பெரியப்பா அன்று கலங்கிப்போனார். அவர்கள் கடைக்காரர்கள், செல்பேசிக் கடை வைத்திருந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள். அவருக்கு முதல் முறையாகக் கேமரா மறுபக்கம் திரும்பியது. ‘சாமி’யையும் ‘சிங்க’த்தையும் இயக்கிய ஹரியே, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். (அதை விளம்பரம் என்றவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.)

அந்த வழக்கில் என்னை அசைத்தது வேறொருவர். அதே நிலையத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, அன்றிரவு தான் கண்டதை, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சக காவலர்கள் சுற்றி இருக்கும் வளாகத்திலேயே சொன்னார். துணிச்சலான போலீஸ் என்றால் விறைப்பான மீசையும் பின்னணி இசையும் நினைவுக்கு வரும்படி பழக்கப்பட்டிருந்த நமக்கு, இந்தத் துணிச்சலை எந்த இடத்தில் வைப்பது என்றே தெரியவில்லை.

‘விசாரணை’, ‘ஜெய் பீம்’ போன்ற படங்கள் கேமராவை அடி வாங்குகிறவர் பக்கம் மாற்றி வைத்தன. ‘ஜெய் பீம்’ பார்த்து நானும் அழுதேன். ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. 1993இல் காவலில் இறந்த உண்மையான ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளராக்கிவிட்டார்கள். பெயர் சொல்லப்படுவதே அரிதாக இருக்கும் சமூகத்துக்கு அதுவும் ஓர் இழப்பு.

நாளேடும் திரையும் காட்டாமல் விடுவதும் நம்மை உருவாக்குகிறது. நிஜமான நிலையத்தில் நம் காரியம் ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்க்கும் காவலர், மேசையில்தான் நடக்கும். ‘ரைட்டர்’ என்ற பெயரிலேயே வந்த படம் போன்ற ஒன்றிரண்டைத் தவிர்த்தால், அந்த மேசையைத் திரையில் யார் பார்த்திருக்கிறார்கள்? புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக ஏற்க முடியாது. திரையில் எத்தனை என்கவுன்டர் பார்த்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. ஒருவர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைக்கும் காட்சி ஒன்றுகூட நினைவில் இல்லை. அதனால்தான் திரையரங்கில் டி.சி.யாக இருந்தவர், தொலைந்த செல்பேசிக்குப் புகார் எழுதப் போனால், மடித்துக் கட்டிய வேட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டுப் பாரா காவலரிடம் “ஐயா” என்று குரல் தாழ்த்துகிறார்.