போட்டிக் காலத்தில் பிள்ளைகளின் தோள்மூட்டு: கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில், தாயார்): மகளுக்கு 14 வயது, பட்மின்டன். வலயப் போட்டியில ஒரே நாளில் நாலு ஆட்டம். அடுத்த நாள் வலது கையை முதுகுக்குப் பின்னால் மேல கொண்டுபோக ஏலாமல் இருக்கு. காயமோ?

பதில்: வலி இல்லையெண்டால் பெரும்பாலும் காயமில்லை, அம்மா. ஸ்மாஷ் அடிக்கேக்க வேகமாக உட்சுழலும் கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள்தான். நாலு ஆட்டம் அப்படிப் பிரேக் பிடித்தால் அவை விறைக்கும், உட்சுழற்சி (மேற்கை உள்பக்கம் திரும்பும் அளவு) குறையும், அதாலதான் கை முதுகுக்குப் பின்னால் ஏறுதில்லை. சில நாளில் பழையபடி வரவேணும். வராமலே அடுத்த போட்டிக்குப் போவதுதான் பிழை.

கேள்வி (மானிப்பாய், பயிற்றுநர்): கருவி இல்லாமல் எப்படி அளக்கிறது?

பதில்: போனில் பாகை காட்டும் செயலி போதும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, மேற்கையைப் பக்கவாட்டில் 90 பாகைக்கு விரித்து, முழங்கையையும் 90 பாகைக்கு மடியுங்கோ, விரல்கள் முகட்டைப் பார்க்க. ஒரு கையால் தோளின் முன்பக்கத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு முன்கையைக் கால்பக்கம் சாயுங்கோ. தோள் கட்டிலை விட்டுக் கிளம்பப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி வாசியுங்கோ, அது உட்சுழற்சி. அதைத் தவறவிட்டால் 10, 15 பாகை பொய்யாகக் கூடும். பிறகு தலைப்பக்கம் சாய்த்து வெளிச்சுழற்சி (வெளிப்பக்கம் திரும்பும் அளவு). இரண்டு கைக்கும் எடுத்து, ஒவ்வொரு கைக்கும் இந்த இரண்டு அளவையும் கூட்டிப் பாருங்கோ.

உட்சுழற்சி குறைந்தாலும் கூட்டுத்தொகை மற்றக் கையோடு ஒத்திருந்தால் பயமில்லை. சின்னனில் இருந்து ஓங்கி அடிக்கும் கையில் எலும்பே அப்படி முறுகி வளரும். அதை இழுத்துச் சரிக்கட்ட வெளிக்கிட வேண்டாம். மற்றக் கையைவிட உட்சுழற்சி 18–20 பாகை குறைந்து, கூட்டுத்தொகையும் 5 பாகைக்கு மேல் குறைந்தால் தான் நீட்டற்பயிற்சி: கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து 30 செக்கன், 3 தரம், ஆட்டம் முடிந்த பிறகு. தோள்பட்டை எலும்பைச் சுவரோடு சாய்த்து அமத்தாவிட்டால் அதுவும் சேர்ந்து நகரும், இழுவை மூட்டுக்குப் போகாது.

கேள்வி (நல்லூர், 16 வயது மாணவன்): அண்ணா, தினமும் 60 புஷ்-அப் எடுக்கிறன். தோளுக்குக் காணுமோ?

பதில்: தம்பி, அது கையை உட்சுழற்றி அடிக்கிற தசையைத்தான் வளர்க்கும். வெளிச்சுழற்றும் பலம் உட்சுழற்றும் பலத்தின் மூன்றில் இரண்டுக்குக் கீழ போகக்கூடாது. முக்கால் பங்கு இருந்தால் நல்லது. அடுத்தடுத்த ஆட்டங்களில் முதலில் களைக்கிறதும் வெளிச்சுழற்றும் தசைதான். பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி யன்னல் கம்பியில் கட்டு. முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில சுருட்டின துவாய். 2 செக்கனில் வெளியே இழு, 4 செக்கனில் விடு. 15 தரம், 3 சுற்று, கிழமையில் 3 நாள். மணிக்கட்டு மடிந்தாலோ துவாய் விழுந்தாலோ ரியூப் இறுக்கம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். போட்டிக் கிழமையில் ஒரு நாள், ஒரு சுற்று காணும்.

கேள்வி: மேசைப்பந்துக்கும் இதெல்லாம் வேணுமோ?

பதில்: அவ்வளவு இல்லை. கை தோளுக்கு மேல போவது அரிது.

கேள்வி (சாவகச்சேரி, தகப்பன்): மகனுக்கு 13, ரெனிஸ். சேர்வ் போடேக்க மேற்கை வெளிப்பக்கம் நோகுது. வலிக்குளிசை குடுத்து இறுதிப்போட்டி விளையாட விடலாமோ?

பதில்: விடாதேங்கோ. இந்த வயதில் மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே வளர்ச்சித்தட்டு (எலும்பு நீண்டு வளரும் மென்மையான பகுதி) இன்னும் மூடியிராது. திரும்பத் திரும்ப முறுக்குப்பட்டால் அது விரியும். குளிசை வலியை மறைக்கும், முறுக்கு நிற்காது. அந்த இடத்தை விரலால் அமத்த நொந்தால் சேர்வும் ஸ்மாஷும் உடனே நிற்பாட்டி, யாழ். போதனா வைத்தியசாலையில் எலும்பியல் வைத்தியரிடம் காட்டுங்கோ. இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கோ, ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் வித்தியாசம் பிடிபடாமல் போகலாம். தட்டு விரிந்திருந்தால் ஏறக்குறைய 3 மாதம் சேர்வ் இல்லை. மற்றக் கையும் காலும் பழகலாம்.