டோபி மேல் உட்கார்ந்த பெண்

அன்புள்ள ஐயா,

ஆங்கில வேடிக்கைக் கவிஞரும் ஓவியருமான எட்வர்ட் லியர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய 'கம்மர்பண்ட்' (இடுப்புக் கச்சை) பாட்டைத் தேடிப் பிடித்தேன். அதில் ஒரு பெண் டோபி மேல் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிறாள். கான்சாமாக்கள் மரமாக வளர்ந்து நிற்கிறார்கள். துணி வெளுப்பவரும் சமையல்காரரும் துரைக்கு நாற்காலியும் மரமுமா? கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் நாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இன்னொன்று, நம் டோடோ பறவையை வரைந்ததும் இவர்தானே?

வா., கியூர்பீப், மொரீஷியஸ்

அன்புள்ள வா.,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் நினைப்பது 1865இல் வந்த, லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையின் டோடோவாக இருக்கும். அதை வரைந்தவர் ஜான் டென்னியல். லியருக்குப் பறவை உயிரோடு எதிரே இருக்க வேண்டும். அவர் 1812இல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் தீவில் டோடோவைத் தீர்த்துவிட்டார்கள்.

அவர் வரைந்தது கிளிகளை. 18 வயதில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உட்கார்ந்து, இறக்கையை அளந்து அளந்து வரைந்தார். 42 படங்கள். அந்தப் பயிற்சித் தாள் ஒன்றின் ஓரத்தில், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் முகங்களையும் கிறுக்கி வைத்திருக்கிறார். கிளி அச்சு அசலாக இருக்கும், மனிதர்கள் கோமாளிகளாக இருப்பார்கள். 1846இல் வந்த அவருடைய அபத்தப் பாடல் புத்தகம் அந்த ஓரத்திலிருந்துதான் முளைத்தது என்பது என் கட்சி. அதே வருடம் விக்டோரியா மகாராணிக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார் என்பது உபரித் தகவல்.

சிறு வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு. வெளியே சொல்லாமல், வந்த நாட்களை டைரியில் பெருக்கல் குறி போட்டு வைத்தார். நம் ஊர்ப் பேச்சில் அது காக்காய் வலிப்பு. தன்னையே அடிக்கடி பறவையாக வரைந்துகொண்ட மனிதர், இந்தப் பெயரைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

சரி, டோபிக்கு வருவோம். லியர் 1873 கடைசியில், 61 வயதில், வைஸ்ராய் அழைத்து இந்தியா வந்தவர். மாமல்லபுரம் வரை போய் வரைந்தார். அந்தப் பாட்டு 1874இல் பம்பாய்ப் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த துரைமார்களுக்கு டோபி யார் என்று நன்றாகத் தெரியும். தினமும் வீட்டில் கூப்பிடும் சொற்களைப் பூவும் மரமுமாக்கி, கிழக்கு நாட்டு மாயக் கவிதை எழுதும் ஆட்களைத்தான் அவர் கிண்டல் செய்கிறார். கடைசியில் அந்தப் பெண்ணை விழுங்குவதும் இடுப்பில் கட்டும் கச்சைதானே! தன் ஆங்கிலத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'ரன்சிபிள்' என்று அர்த்தமே இல்லாத ஒரு சொல்லைச் செய்து, ஸ்பூனுக்கும் பூனைக்கும் தொப்பிக்கும் மாட்டிவிட்டவர்.

ஆனால் அந்தப் பத்திரிகை டோபியின் கைக்கு வந்திருக்காது. வந்தாலும் துவைக்கும் துணியைச் சுற்றித்தான் வந்திருக்கும். அந்த இடத்தில் உங்கள் கோபம் நியாயம், அதை மறுக்க மாட்டேன்.

இருந்தாலும் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ரோஸ்ஹில் சந்தையில் நாமும் முருங்கைக்கீரையை 'பிரேட் முரும்' என்றும் பீர்க்கங்காயை 'பிபங்காய்' என்றும்தானே கேட்டு வாங்குகிறோம்? அர்த்தம் கழன்று ஓசை மட்டும் கப்பலேறி வந்த சொற்கள் நமக்குப் புதிதில்லை.

போன தைப்பூசத்தில் என் ஆறு வயதுப் பேத்தி, கிரியோல்தான் அவளுக்கு வீட்டு மொழி, காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்டாள்: "தாத்தா, அரோகரா எங்கே இருக்கும்? கடிக்குமா?" வீட்டுக்கு வந்து அதை வரைந்தும் விட்டாள். மயில் தோகை, நாய்க்கால்கள், வாயில் ஒரு எலுமிச்சம்பழம். ஆறு கால் போட்டிருக்கிறாள். ஏன் ஆறு என்று கேட்டேன். மலை ஏற வேண்டாமா என்றாள்.