பாயிண்ட் தராசும் பிசினஸ் ஸ்கூலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். காப்பி, மிளகு, ஏற்காட்டு மழை எல்லாம் எழுதுகிறீர்கள், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்ததைப் பற்றி மட்டும் எழுதுவதே இல்லை. அதனால் நானே கேட்டுவிடுகிறேன்.

எனக்கு வயது 27. சேலத்தில் பி.இ. மெக்கானிக்கல், சி.ஜி.பி.ஏ. 7.4. மூன்று வருடம் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு வேலையை விட்டு வந்து, இரண்டு வருடமாக ஆத்தூர் ரோட்டில் உள்ள எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிறேன். (வந்த புதிதில் மரவள்ளிக் கிழங்குக்குப் பாயிண்ட் போடுவதை விவசாயி கண்முன்னால்தான் போட வேண்டும் என்று சொல்லி அப்பாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை, அது வேறு கதை.) எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை மூன்று முறை எழுதி 595, 615, 635. கடைசித் தடவை குவான்ட் (கணக்கு) 85, வெர்பல் (மொழி) 82, டேட்டா இன்சைட்ஸ் (தரவு அலசல்) 77.

விண்ணப்பத்துக்கு உதவும் ஒரு கன்சல்டன்டைப் பார்த்தேன். இந்தியர், இன்ஜினீயர், ஐ.டி. என்றாலே கூட்டம் அதிகம், அதனால் ஜவ்வரிசி என்ற வார்த்தையே வரக்கூடாது, "சப்ளை செயின்" என்று எழுதலாம், லண்டனில் கன்சல்டிங் வேலை லட்சியம் என்று போடலாம், மூன்று மாதம் ஒரு காப்பகத்துக்குப் போய் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், பரிந்துரைக் கடிதங்களை அவர்களே எழுதித் தருவார்கள் என்கிறார். இரண்டரை லட்சம் கேட்கிறார். நான்காவது முறை ஜிமேட் எழுதலாமா? அப்பாவிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கலாமா? பத்தாவது வரை தமிழ் மீடியம், அது பாதிக்குமா? பெயர் போட வேண்டாம்.

வா.,
சேலம்

அன்புள்ள வா.,

அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே ஒரு வரி, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் வருடா வருடம் எனக்கு வரும் கடிதங்களில் இருப்பதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேலம் பக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கை இங்கே டன் கணக்கில் வாங்கினாலும் விலை பாயிண்டுக்குத்தான். சாம்பிள் கிழங்கை எடைபோட்டு, தண்ணீரில் அமிழ்த்தி இன்னொரு தடவை எடைபோட்டு, மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். 28 வரும் என்று நம்பி ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்த கிழங்குக்கு ஆலையில் 25 என்று சொன்னால் என்ன செய்வார்? வண்டி வாடகை கொடுத்தாகிவிட்டது, பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, கொடுத்த காசை வாங்கிக்கொண்டு முனகிக்கொண்டே போவார். இந்த முனகல் இந்தப் பக்கத்தில் பல வருடமாக இருக்கிறது. நீங்கள் அந்தத் தராசைத் தூக்கி விவசாயிக்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள், அதுவும் சொந்த அப்பாவோடு மல்லுக்கட்டி, அதுவும் அவர் உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது. இதைத்தான் அந்தக் கன்சல்டன்ட் "சப்ளை செயின்" என்று மாற்றச் சொல்கிறார், கூடவே இரண்டரை லட்சமும் கேட்கிறார்.

நானும் ஒருவருக்குக் காசு கொடுத்தவள்தான். முதல் தடவை ஐந்து பிசினஸ் பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பினேன், ஐந்திலும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. நான் எழுதியதை அவர் திருத்தித் திருத்தி, கடைசியில் அதில் என் பெயரைத் தவிர எதுவும் என்னுடையதாக இல்லை. "சிறு வயது முதலே தலைமைப் பண்பு" என்று ஆரம்பித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, சிறு வயதில் நான் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் யாரிடமும் காட்டாமல் எங்கள் தோட்டத்தில் காப்பிச் செடிகளில் தண்டுத் துளைப்பான் விழுந்த கதையை எழுதினேன். துளைப்பான் உள்ளே போய்விட்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை, காய்த்துக் குலுங்கும் செடியாக இருந்தாலும். அம்மா அழ அழ 410 செடிகளைப் பிடுங்கியதையும், அதில் ஐம்பது அறுபது செடிகளை அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டேன் என்பது பிறகு தெரிந்ததையும் எழுதினேன். நேர்காணல் செய்தவர் அரைமணி நேரம் அதையேதான் கேட்டார். எந்தச் செடி என்று எப்படி முடிவு செய்தாய், கூலி எவ்வளவு, அந்த ஐம்பது செடிக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்டாய்.

படித்து முடித்து வந்த பிறகு சில வருடம் அந்தப் பள்ளிக்காக நானும் விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்திருக்கிறேன், முன்னாள் மாணவர்களை வைத்து இதைச் செய்யும் பள்ளிகள் உண்டு, இன்சியாட் பிசினஸ் ஸ்கூலில்கூட இரண்டு முன்னாள் மாணவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, கூட்டம் என்பது உண்மைதான், ஆனால் கூட்டமாக இருப்பது இந்தியர்கள் என்பதால் மட்டும் இல்லை, எல்லோரும் ஒரே கன்சல்டன்டிடம் போய்விட்டு வந்த மாதிரி இருப்பதால். ஒரே வாரத்தில் மூன்று பேர் "பன்முகக் குழுவை ஒருங்கிணைத்தேன்" என்றார்கள். குழுவில் யார் யார் என்று கேட்டால் மூன்று பேருக்கும் தொண்டை அடைத்தது. ஹார்வர்டில் ஒரு வருடத்துக்குச் சுமார் 930 பேரை எடுக்கிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். அந்த வகுப்பறையில் கேஸ் (ஒரு நிறுவனத்தின் சிக்கல்) வைத்துப் பேசும்போது மற்ற எவராலும் சொல்ல முடியாத ஒன்றை யார் சொல்வார் என்றுதான் தேடுகிறார்கள். டெஸ்டிங் செய்தவர் நூறு பேர் கிடைப்பார்கள். பாயிண்ட் போட்டவர் எத்தனை பேர் கிடைப்பார்?

சரி, அந்தக் கதையை எழுதுவது எப்படி. உட்கார்ந்து முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் உடனே "லீடர்ஷிப்" வந்து உட்கார்ந்துகொள்ளும். தராசு முன்னால் எங்கே இருந்தது, யார் போட்டார், அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று. அப்பா என்ன சொல்லிக் கத்தினார், "நாலு ஆலைக்காரன் என்ன நினைப்பான்" என்றாரா. முதல் சீசனில் கிழங்குக்குக் கூடுதலாக எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் நஷ்டமா. விவசாயிகள் திரும்பி வந்தார்களா, எத்தனை பேர். பாயிண்ட் எழுதி வைக்கும் நோட்டு ஃபேக்டரியில் கட்டாயம் இருக்கும், சேறு பட்டு ஓரமெல்லாம் சுருண்டு. அதை எடுத்து மாற்றத்துக்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம் என்று எண்ணிப் பாருங்கள். எண் உங்களுக்குச் சாதகமாக வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதற்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் இன்னும் நல்ல கதை. அப்பாவைக் கெட்டவராகக் காட்டாதீர்கள். இத்தனை வருடம் ஆலை நடத்தியவருக்கு அவருடைய நியாயம் இருக்கும், அதை நீங்கள் புரிந்துகொண்டீர்களா என்றும் படிக்கிறவர் பார்ப்பார்.

காப்பகம், போட்டோ. வேண்டவே வேண்டாம், இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜிமேட்டுக்கு வருகிறேன். 635 என்றதும் பழைய 800 மார்க் கணக்கோடு ஒப்பிட்டு நொந்துபோயிருப்பீர்கள், நிறையப் பேர் அப்படித்தான். 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வின் மார்க் 205-லிருந்து 805 வரை, பழைய 700-க்கு இணையாகச் சொல்வது புதியதில் 645. நீங்கள் அதற்கு ஒரு படி கீழேதான் இருக்கிறீர்கள். மூன்று பகுதிக்கும் சம மதிப்பு, உங்களை இழுப்பது டேட்டா இன்சைட்ஸின் 77 மட்டும்தான், அதில் மூன்று பாயிண்ட் ஏறினாலே மொத்தம் 655 பக்கம் போய்விடும். (பாருங்கள், இங்கேயும் பாயிண்டுதான்.) அதனால் நான்காவது முறை எழுதுங்கள், ஆனால் குவான்ட் புத்தகத்தைத் தொடாதீர்கள். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை எழுத விடுகிறார்கள், இரண்டு தேர்வுக்கு நடுவில் குறைந்தது 16 நாள் இருக்க வேண்டும், மார்க்கைப் பார்த்த பிறகு எதை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நான்காவதிலும் ஏறவில்லை என்றால் விட்டுவிட்டு எஸ்ஸேயில் உட்காருங்கள். ஐந்து மார்க்குக்காக ஆறு மாதத்தைத் தின்னக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களுடைய எஸ்ஸே கடைசி இரவில் எழுதியது என்று முதல் பத்தியிலேயே தெரிந்தது.

பரிந்துரைக் கடிதம் அப்பாவிடம் வாங்கக் கூடாது, உறவுக்காரர் எழுதுவதைப் பள்ளிகள் ஏற்பதில்லை. கன்சல்டன்ட் எழுதுவதும் கூடாது, அது பொய். இடம் கிடைத்தவர்களின் விவரங்களை வெளியாள் வைத்துச் சரிபார்க்கும் பள்ளிகள் உண்டு, சீட்டுக் கிடைத்த பிறகு பறிபோனால் அதைவிடக் கேவலம் இல்லை. ஒரு கடிதம் பெங்களூர் மேனேஜரிடம் வாங்குங்கள். இன்னொன்றுக்கு உங்களிடம் ஜவ்வரிசி வாங்கும் வியாபாரியை யோசித்தீர்களா? சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பங்கு மகாராஷ்டிரா பக்கம்தான் போகிறது, அங்கே விரதம் என்றால் சாபுதானா கிச்சடி. அப்படி ஒரு வியாபாரி இரண்டு வருடமாக உங்களோடு விலை பேசிச் சண்டை போட்டிருப்பார், சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பார், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். பல பள்ளிகள் பொதுவாக வைத்திருக்கும் படிவத்தில் ஒரு கேள்வியே அதுதான், இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான குறை என்ன, அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று. அவருடைய ஆங்கிலம் சுமாராக இருந்தால் இருக்கட்டும். ஆடிட்டர் வேண்டாம் என்று நினைக்கிறேன், அவர் உங்களை மார்ச் மாதத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்.

அடுத்து, லண்டன். உண்மையாகவே லண்டன் ஆசை இருந்தால் எழுதுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் லண்டன் கன்சல்டன்டின் வாயிலிருந்துதான் வருகிறது, உங்கள் வாயிலிருந்து வரவில்லை. வெளிநாட்டு மாணவரை எடுக்கும்போது பள்ளிக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது, இவருக்கு விசா கொடுத்து எவன் வேலைக்கு எடுப்பான் என்று. படித்து முடித்து மூன்று மாதத்துக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பெரும்பாலான பள்ளிகள் கணக்கு வெளியிடுகின்றன. குடும்பத் தொழிலுக்குத் திரும்புகிறவர் அந்தக் கணக்கில் வேலை தேடுகிறவராகவே வரமாட்டார். சேகோவுக்குத் திரும்பி வந்து, மாவை மட்டும் விற்காமல் வேறென்ன செய்யலாம் என்று பார்க்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால், அது உங்களுக்கு உண்மையாகவும் இருந்தால், விசா என்ற பெரிய தடையில் பாதி அங்கேயே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் சில எம்.பி.ஏ.க்களுக்கு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த படிப்பு) அந்தஸ்து உண்டு, படித்த பிறகு 12 மாதமும் அதற்கு மேல் 24 மாதமும் அங்கே வேலை பார்க்கலாம், அந்தச் சம்பளத்தில் கடனைக் கொஞ்சம் அடைத்துவிட்டுத் திரும்பலாம் என்பதும் ஒரு நியாயமான திட்டம்தான்.

தமிழ் மீடியம் பாதிக்காது. டிகிரி ஆங்கிலத்தில் படித்திருந்தால் ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வுகள் தேவையில்லை என்று சொல்லும் பள்ளிகள் நிறைய. சி.ஜி.பி.ஏ. 7.4-ஐ அமெரிக்கப் பாணியில் நாலுக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதாதீர்கள், மார்க் ஷீட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள்.

பெயர் விஷயத்தை மட்டும் இன்றைக்கே பாருங்கள், நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி. ஜிமேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் பெயர் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள், அதாவது முதல் பெயர் தெரியவில்லையாம். என் தோழி ஒருத்தியைப் பேங்க்கில் இரண்டு வருடம் "மிஸ் ஃபனூ" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பணம். ஹார்வர்டு விண்ணப்பக் கட்டணமே 250 டாலர், அதனால் பத்துப் பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் வேண்டாம், நான்கு போதும். பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளுக்கு முதல் சுற்று செப்டம்பர், இரண்டாவது ஜனவரி முதல் வாரம். மூன்றாவது சுற்றில் வெளிநாட்டு மாணவர் போவது, விசாவுக்கு நேரமில்லாமல், வீண். செப்டம்பருக்குள் முடியாது என்றால் ஜனவரிக்குப் போங்கள், அவசரமாக அனுப்பிய முதல் சுற்றைவிட நிதானமாக அனுப்பிய இரண்டாவது சுற்று மேல்.

எஸ்ஸேயை முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏற்காட்டுக்கு வாருங்கள், மே மாதம் மலர்க் கண்காட்சி சமயம் மட்டும் வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நகராது. வரும்போது அந்தப் பாயிண்ட் நோட்டையும் எடுத்து வாருங்கள், கீழே எங்காவது நல்ல கடையில் ஒரு தட்டுவடை செட்டும் கட்டிக்கொண்டு வந்தால் எஸ்ஸே எப்படி இருந்தாலும் பாதி மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா