ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் பிளெக்ஸ் வைக்கலாமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு, ஸ்தோத்திரம். இஞ்சினியரிங் முடித்த எங்கள் மூத்தவன் மிஷனரி ஊழியத்துக்குத் தேர்வாகியிருக்கிறான். ஒரு வருஷப் பயிற்சி, பிறகு ஒடிசாவில் கோராபுட் பக்கம். அவன் வயிற்றில் இருக்கும்போதே, பிள்ளையை ஊழியத்துக்குக் கொடுப்பேன் என்று அவன் அம்மா பொருத்தனை செய்தவள். பந்தல் போட்டு, பிளெக்ஸ் வைத்து, ஊரைக் கூட்டி ஸ்தோத்திரக் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறாள். எப்படிச் செய்யலாம்?

ஒரு வாசகர், நாசரேத்

அன்புள்ள தம்பி,

ரொம்பச் சந்தோஷம். கொண்டாடுங்கள், ஆனால் இப்போது வீட்டளவில். ஊரைக் கூட்டுவதைப் பயிற்சி முடிந்து, ஜெபித்து ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியிலேயே சிலர் திரும்பிவிடுவார்கள். உடம்பு ஒத்துக்கொள்ளாது, அல்லது இது நமக்கான வேலை இல்லை என்று தெளிந்துவிடும். அதைக் கண்டுகொள்ளத்தானே பயிற்சி? தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டால் அந்தப் பையன் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவான்? அந்தக் கூச்சத்திலேயே கஷ்டத்தை வீட்டுக்குச் சொல்லாமல் அங்கேயே கிடப்பான்.

பொருத்தனையைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். பைபிளில் சாமுவேலின் அம்மா அன்னாள் பொருத்தனை செய்தாள், சரி. ஆனாலும் கர்த்தர் சாமுவேலைப் பேர் சொல்லித் தனியாகக் கூப்பிட்டார். அம்மா எழுந்து சாட்சி சொன்னால், அவன் அம்மாவின் கடனை அடைக்கப் போகிறான் என்றுதான் ஊர் பேசும். அவனே பத்து நிமிஷம் பேசட்டும்.

சேகரத்து ஐயரிடம், அதாவது உங்கள் சபைப் போதகரிடம், முதலிலேயே நாள் கேளுங்கள். ஆலயத்து அசன விருந்து, கன்வென்ஷன் கூட்டங்கள் நடக்கும் வாரங்களில் கிடைக்கமாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பாட்டு, பைபிளில் ஏசாயா 6-ஆம் அதிகாரம் வாசிப்பு, அவன் சாட்சி, சிறு செய்தி, தலையில் கைவைத்து ஜெபம். ஒன்றேகால் மணி நேரம் போதும். வாழ்த்துரை மட்டும் வைக்காதீர்கள். மைக்கைப் பிடித்த பெரியப்பாமார் விடமாட்டார்கள், கறி ஆறிப்போகும். 100 பேருக்கு 12 கிலோ அரிசி, 12 கிலோ ஆட்டுக்கறி தாராளம்.

பந்தலில் மிச்சமாகும் பணமும், பையனுக்கு வரும் பணக் கவர்களும் அவனை அனுப்பும் மிஷனரி சங்கத்துக்குப் போகட்டும், ரசீதோடு. அதைவிட முக்கியம், மாதந்தோறும் காணிக்கை கொடுத்து அவன் ஊழியத்தைத் தாங்கும் இருபது வீடுகள். கூட்டத்தன்று எல்லாரும் பேர் கொடுப்பார்கள், ஆறு மாதத்தில் பாதி நின்றுவிடும். யாரும் போய்க் கேட்பதில்லை, அதுதான் காரணம். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டோடு நிற்க ஒருவரை இப்போதே நியமியுங்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதே நம் ஆட்கள் நம் பணத்தில் போக வேண்டும் என்றுதான். உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியை ஆலயத்தில் ஏலம் விட்டுச் சேர்த்த காசு நம் சபைகளுக்குப் புதிதல்ல.

போட்டோ எடுங்கள், ஆனால் அவன் போகிற ஊரையும் சங்கத்தின் பேரையும் போட்டு வாட்ஸப்பிலோ பேஸ்புக்கிலோ ஏற்றாதீர்கள். ஒடிசாவில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1967 முதலே இருக்கிறது. இங்கே பெருமைக்குப் போடும் படம் அங்கே அவன்மேல் புகாராகத் திரும்பலாம். சொந்தக்காரர்களிடமும் முன்னாலேயே சொல்லிவையுங்கள், அவர்கள்தான் முதலில் ஏற்றுவார்கள்.

அன்பளிப்பு என்ன என்று கேட்பவர்களிடம் வாட்ச், மோதிரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோராபுட் மலைப்பாங்கு, மார்கழியில் நம் ஊர்ப் போர்வை தாங்காது; கம்பளியும் ஸ்வெட்டரும் வேண்டும். அசல் சான்றிதழ்கள் வீட்டில் இருக்கட்டும், நகல்கள் அவனோடு போகட்டும். மலேரியா உள்ள பகுதி. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கொசுவலை இரண்டு வாங்குங்கள், ஒன்று சீக்கிரம் கிழிந்துவிடும்.