புதிய நாட்டுப்புறக் குழுவுக்குப் போஸ்டர்: கேள்வி பதில்

நாட்டுப்புறக் கலைக்குழுக்களுக்குப் போஸ்டர், பாடல் அட்டைப்படம், பேனர் வடிவமைப்பது என் தொழில். இருப்பது மதுரையில். புதிதாகக் குழு தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு பறைக் குழு: அக்கா, எங்கள் முதல் போஸ்டருக்கு மாட்டுவண்டி, பனைமரம், பின்னால் உதிக்கும் சூரியன் என்று ஒரு மாதிரி வரைந்து தந்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏதோ குறைகிறது.

குறைவது நீங்கள்தான். குழுவின் பெயரை அழித்துவிட்டு அங்கே ஏதாவது செக்கு எண்ணெயின் பெயரைப் போட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். போதாததற்கு, உதிக்கும் சூரியன் நம் ஊரில் ஒரு கட்சியின் சின்னம். தேர்தல் நேரத்தில் அந்தப் போஸ்டரை ஒட்டினால் யார் பணம் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். வண்ணத்திலும் இதே கவனம் வேண்டும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஓர் அர்த்தம், நீலம் தனியாக நின்றால் இன்னோர் அர்த்தம். அந்த அரசியல் உங்களுடையது என்றால் தாராளமாகப் போடுங்கள். தெரியாமல் மட்டும் போடாதீர்கள்.

நாட்டுப்புற இசை என்றாலே வயலும் வேட்டியும் வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கானா பாடும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியபோது கோட் சூட் அணிந்திருந்தார்கள். கானா பாடுகிறவர்களை ஊர் எந்த உடையில் எதிர்பார்த்ததோ, அந்த எதிர்பார்ப்புக்கே அது பதிலாக இருந்தது. உங்கள் குழுவில் கல்லூரி மாணவிகள் பறையடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அவர்களைப் போடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் பறையைத் தீயில் காய்ச்சுவீர்கள் அல்லவா, அந்த அந்தி நேரத்தில் எடுங்கள். தீயின் வெளிச்சம் முகத்தில் கீழிருந்து விழும். நல்ல செல்போன் போதும், ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: பறையடிக்கும் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உருவாக்கிப் பயன்படுத்தலாமா?

வந்ததைப் பார்த்தீர்களா? எனக்கு இப்படிப் படங்கள் அனுப்பப்படும்போது பெரும்பாலும் ஆப்பிரிக்க மத்தளம் போன்ற ஏதோ ஒன்றுதான் வருகிறது. பறை என்பது மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வட்டச் சட்டம். ஆழம் குறைவு, ஒரு பக்கம் மட்டுமே தோல், தோளிலிருந்து வாரில் தொங்கும். இரண்டு குச்சிகளும் ஒன்றுபோல இருக்காது. அடிக்குச்சி குட்டை, தடிமன். சிண்டுக்குச்சி நீளம், மெலிவு. இரண்டையும் ஒரே அளவில் வரைந்த போஸ்டரைக் கலைஞர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். உறுமிக்கும் அப்படித்தான். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், அதைக் கொட்டுவதுபோல் வரைந்தால் அது உறுமியே இல்லை.

உண்மையான புகைப்படத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பக்க அமைப்புக்காகப் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது தவில்காரர், உண்மைக்கு நேர்மாறாக, வலக்கையில் கோலும் இடக்கை விரல்களில் கூடும் மாட்டியபடி நிற்பார். ஊரே இடக்கைக்காரர்களாக மாறிப்போகும்.

திருநெல்வேலியிலிருந்து: போட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. ‘கொ’ என்பது உடைந்து வருகிறது.

பழைய போட்டோஷாப் என்றால், அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புதிய கோப்பில் தட்டிப் பாருங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். முக்த மலர், கட்டமரன் (Catamaran), கவிவனார், பவனம் ஆகியவை கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகவே கிடைக்கின்றன, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை.

அச்சகத்தில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் தட்டியதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளைக் கோட்டுருவமாக, கோரல்டிரா மென்பொருள்காரர்கள் மொழியில் ‘கர்வ்’ ஆக, மாற்றி அனுப்புங்கள். திருத்தக்கூடிய பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் மேலே சுழியும் கீழே வளைவும் உண்டு, ஆகவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட வரி இடைவெளி கூடுதலாக விட வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகச் சிறிய எழுத்துப் போட்டால் மை பரவி முதலில் சாவது புள்ளிதான். ‘பாட்டு’ என்பது ‘பாடடு’ ஆகிவிடும். அச்சுக்குப் போகும் முன் அதை வடிவமைக்காத ஒருவர் சத்தமாகப் படித்துப் பார்க்கட்டும்.

ஒரு நையாண்டி மேளக் குழு: கோயில் திருவிழா நோட்டீஸில் எங்களைப் பற்றி ‘மேளதாளம் முழங்க’ என்று மட்டும் வருகிறது. எங்கள் சொந்தப் போஸ்டரிலாவது எல்லோர் பெயரையும் போடலாமா? இடம் போதாது என்கிறார் வடிவமைப்பாளர்.

போட்டே ஆக வேண்டும். அதே நோட்டீஸில் விழாக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர், மின்விளக்கு உபயம், பந்தல் உபயம் என்று எல்லோருக்கும் இடம் இருக்கிறது. விடிய விடிய வாசித்தவருக்கு மட்டும் பெயர் இல்லை. இது இடப் பற்றாக்குறை அல்ல, வழக்கம். அதுவும் எந்தச் சாதிக்காரர்கள் வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வந்த வழக்கம். உங்கள் போஸ்டரில் நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு என்று கருவியைச் சொல்லி, எதிரே பெயரைப் போடுங்கள். கரகம் ஆடுகிறவரின் பெயர் முதல் வரியில் வரட்டும். பின்னணிப் பூவேலையை எடுத்துவிட்டால் இடம் தானாக வரும்.

கோவையிலிருந்து: திரையில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சு, அச்சில் செங்கல் நிறமாகிவிட்டது. அச்சகத்தின் தவறா?

பெரும்பாலும் இல்லை. திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால். சில பளிச்சிடும் வண்ணங்கள் மைக்கு எட்டாது. வேலையைத் தொடங்கும்போதே நான்கு மை (CMYK) முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும், நான்கையும் கலந்தால் தகடு துளி விலகினாலும் எழுத்து மங்கும். வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்குச் செய்த படத்தையே அச்சுக்கு அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. அதன் 1080 புள்ளி (பிக்சல்) அகலம் நல்ல அச்சில் சுமார் 9 செ.மீ. தான். ஏ3 போஸ்டருக்கு 3508 × 4961 வேண்டும். ஆகவே பெரிதாகச் செய்து சிறிதாக்குங்கள். பாடல் அட்டைப்படத்துக்கு 3000 × 3000 சதுரம். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அண்ணன்: நண்பர் ஒருவர் இலவசமாக வரைந்து தருகிறேன் என்கிறார். எழுத்தில் ஏதாவது வேண்டுமா தங்கச்சி?

வேண்டும் அண்ணா, நட்பு நிலைக்கவே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். நாளை உங்கள் சின்னத்தை டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்கலாமா என்பதை இன்றே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முடிந்த தொகையைக் கொடுத்தும் விடுங்கள். இலவசமாக வாசிக்கக் கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

விருதுநகரிலிருந்து: ஊர் முழுக்க பிளெக்ஸ் வைக்கலாமா?

அனுமதியில்லாமல் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பஸ் நிலையத்து டீக்கடை, நூலகம், ஒலிபெருக்கிக் கடை, கல்லூரி அறிவிப்புப் பலகை, இங்கெல்லாம் கேட்டு ஒட்டிய ஏ3 தாள் போதும். தேதியும் இடமும் பத்தடி தூரத்தில் படிக்கும்படி இருக்கட்டும். கியூஆர் குறியீடு போட்டால் 3 செ.மீ.க்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு, ஒட்டும்போது மடிப்பு விழாத இடத்தில் போடுங்கள்.