"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒருவரைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

முதல் பதிலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்து நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் வடசென்னை, தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கம் "இன்னா வேல?" என்றால் வேலையைச் சொல்ல மாட்டார்கள், இடத்தைச் சொல்வார்கள். ஹார்பர், மணலி ஆலைகள், லோகோ (ரயில் எஞ்சின் பட்டறை), ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை). உடனே அடுத்த கேள்வி: "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" பெண் கொடுப்பதும் வீடு வாடகைக்கு விடுவதும் இதை வைத்துத்தான். ஒரே ஷெட்டில் ஒரே வெல்டிங்கைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு மரியாதை, மற்றவருக்கு "ஓ, அப்படியா". எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது.

பெரம்பூர், புளியந்தோப்பில் பெரியவர்கள் பலர் இன்னமும் "நான் மில்லு ஆளு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பின்னி துணி மில் 1996-ல் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டியிருப்பார்கள், வாட்ச்மேனாக இருந்திருப்பார்கள். ஆனால் 1918-ல், இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களிடமிருந்துதான் எழுந்தது. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசு வராது. வரவும் வேண்டாம்.

"கார்ப்பரேஷன்ல இருக்கேன்" என்று ஒருவர் நிறுத்திக்கொண்டால் மேலே நோண்டாதீர்கள். குப்பை, சாக்கடை என்று சொன்னதும் கேட்பவர் மனதில் சாதிக் கணக்கு ஓடும் என்று அவருக்குத் தெரியும். நம் ஊரில் தொழிலை விசாரிப்பது பாதி நேரம் சாதியை விசாரிப்பதுதான்.

பேச விருப்பமுள்ளவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "அதுல எதுங்க கஷ்டம்?" காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அக்காவிடம் இப்படிக் கேட்டேன். "இன்னாபா கஷ்டம், வெட்டிக் குடுக்குறதுதான்" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. வஞ்சிரத்தைக் கட்டையில் வைத்து, எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் விழுகிற மாதிரி வெட்டிக்கொண்டே அவராகச் சொல்ல ஆரம்பித்தார். கனம் மாறினால் வறுக்கும்போது ஒன்று கருகும், ஒன்று வேகாது. வயிற்றை விரலால் அமுக்கியதுமே ஐஸில் பழசான மீன் தெரிந்துவிடும். வாங்கி வந்தவரிடம் அதைச் சொல்வதா வேண்டாமா, அதுதான் அவருக்குக் கஷ்டமாம். விற்றவர் பக்கத்துக் கடை, தினம் முகத்தில் முழிக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் படிவத்தில் ஏறும்? அவர் பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தில் "கூலி" என்றுதான் இருக்கும்.

விசைப்படகுக்காரர்களிடம் பேச வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. "சும்மாதான் இருக்கீங்களா?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்த 61 நாளும் வருமானம் இருக்காது, ஆனால் வலை சரிபார்ப்பு, எஞ்சின் ரிப்பேர், பெயின்ட் என்று வேலை கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கடலைப் பற்றி நிறையச் சொல்வார்கள்.